ஒல்லி மொட்டு

காலை ஆறு ஐம்பதுக்கு இலை மூழ்கியிருந்தது.

குளத்துக்காரர் கரையில் நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஐந்தரை அடி அகலமுள்ள ராட்சத அல்லி இலை. பெரிய தாம்பாளம் போல விளிம்பை நிமிர்த்திக்கொண்டு மிதக்க வேண்டியது. இப்போது ஒரு பக்கம் கிழிந்து, தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு மணல் மூட்டை.

மூட்டையை வைத்தவர் அவரேதான். நேற்று மாலை பத்துக் கிலோ மணலை இலைமேல் இறக்கிப் பத்து நிமிடம் பார்த்தார். தாங்கியது. பத்து நிமிடம் தாங்கும் இலை பத்து மணி நேரமும் தாங்கும் என்று அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குறட்டை விட்டார்.

குளக்கரையை ஒட்டிய வீட்டின் ஜன்னல் திறந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இலை இருக்கா?"

"இருக்கு."

"மேலயா, அடியிலயா?"

குளத்துக்காரர் கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார். ஜன்னல் மூடிக்கொண்டது.

ஆற்றங்கரையில் இருந்த அந்தத் தாவரவியல் தோட்டத்துக்கு அன்று நூற்றைம்பது வயது. அந்தப் புறநகரை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும் என்றால் அது தோட்டத்தால். தோட்டத்தைத் தெரியும் என்றால் அது ஒரே ஒரு புகைப்படத்தால். நூறு வருடத்துக்கு முன் எடுத்த படம். ராட்சத இலையின் நடுவே ஒரு குழந்தை உட்கார்ந்து சிரிக்கிறது. பக்கத்தில் தண்ணீரிலிருந்து ஒல்லியாக ஒரு மொட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. வாசல் பலகையில் அந்தப் படம். பேருந்து நிறுத்தத்தில் அந்தப் படம். நுழைவு டிக்கெட்டிலும் அதுதான்.

அந்த மொட்டைப் பற்றித் தோட்ட இயக்குநர் பதினான்கு பக்கக் கட்டுரை எழுதியிருந்தார். இந்த அல்லியின் மொட்டு கைமுஷ்டி கனம் இருக்கும். படத்தில் இருப்பதோ விரல் கனம். ஆகவே அது அழிந்துபோன தனி வகை என்பது கட்டுரையின் முடிவு. குளத்துக்காரரும் இருபத்திரண்டு வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வாசல் பலகையில் மொட்டு இருந்த இடம் அவருடைய குச்சி பட்டுப் பட்டு வெளுத்தே போயிருந்தது.

தோட்டக் குழுவின் தலைவர் மட்டும் படத்தை நம்பவில்லை. போன மாதக் கூட்டத்தில் போட்டு உடைத்தார்.

"இலையாவது, குழந்தையைத் தாங்குறதாவது! என் பேரனைக் கூட்டிட்டு வரேன். உக்கார வெச்சுக் காட்டுங்க. தாங்கலைன்னா குளத்தை மூடிட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணிடலாம். லீவு நாள்ல ஜனம் வண்டியை எங்க விடுறதுன்னு தெரியாம முழிக்குது."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். அவர் செருமி முடிப்பதற்குள் கடைசி நாற்காலியிலிருந்து குளத்துக்காரர் எழுந்துவிட்டார்.

"இலை என் பொறுப்பு. பேரன் உங்க பொறுப்பு."

குளம் போனால் அவருக்கு அங்கே வேலை இல்லை. கரையில் இருக்கும் இரண்டு அறை வீடும் இல்லை. அதைப் பற்றி மனைவி ஒரு மாதமாகப் பேசிவந்தாள். அவர் ஒரு மாதமாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைவர் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"சார், மூழ்கிடுச்சா?"

திரும்பினார். டிக்கெட்டம்மா நின்றுகொண்டிருந்தாள். வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவள். விழா நாள் என்று சீக்கிரமே வந்துவிட்டாள். அவள் குடும்பம் நாலு தலைமுறையாகத் தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறது. அதை அவள் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

"மூழ்கலைம்மா. ஓய்வெடுக்குது."

"எங்க கொள்ளுத்தாத்தா இந்தக் குளத்துலதான் சார் வேலை பாத்தாரு. இந்த மாதிரி ஆச்சுன்னா அவரு என்ன பண்ணுவாருன்னா..."

"உங்க கொள்ளுத்தாத்தா கதையைச் சாயங்காலம் வெச்சுக்கலாம். இப்போ இந்தக் கயித்தைப் பிடி."

குளத்தின் மறுமூலையில், மூங்கில் நிழலில், இன்னொரு இலை இருந்தது. ஐந்து அடி. கிழிசல் இல்லை. ஆனால் பழைய படம் எடுத்த அதே கல்படிக்கு எதிரில்தான் புதிய படமும் எடுக்க வேண்டும் என்பது இயக்குநரின் கட்டளை. இலையை இங்கே இழுத்து வந்துவிட்டால் தீர்ந்தது.

"தண்டு நீளமாத்தான் இருக்கும். இழுத்தா ரப்பர் மாதிரி வரும்" என்றார் குளத்துக்காரர்.

இழுத்தார்கள். இலை பாதி தூரம் ரப்பர் மாதிரியே வந்தது. அப்புறம் தண்ணீருக்கடியில் ஏதோ சடக்கென்றது. கயிறு தொய்ந்தது. டிக்கெட்டம்மா நின்ற இடத்தில் உட்கார்ந்தாள்.

"அறுந்துடுச்சு சார்."

"அறுந்தா நல்லதுதான். இனிமே கூப்பிட்ட இடத்துக்கு வரும்."

வந்தது. கூப்பிடாத இடத்துக்கும் போனது. ஆற்றுப் பக்கமிருந்து லேசாகக் காற்று அடித்தாலே போதும், இலை பரிசல் மாதிரி குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மூன்றாவது சுற்றில் குளத்துக்காரர் வீட்டுக்குள் போனார்.

"அந்த ஸ்டூலைக் கொடு."

மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "எந்த ஸ்டூலை?"

"சமையலறையில இருக்கிற இரும்பு ஸ்டூல்."

"அது எங்க அம்மா வீட்டு ஸ்டூல்."

"குளத்துக்கு அடியில வைக்கப்போறேன். மேல இலை நிக்கும். யாருக்கும் தெரியாது."

"எங்க அம்மா வீட்டுல இருந்து வந்த எதைத்தான் நீங்க நாலு பேருக்குத் தெரியற மாதிரி வெச்சீங்க" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை எடுத்துக் கொடுத்தாள்.

கல்படிக்கு எதிரே தண்ணீர் மூன்றடி ஆழம். ஸ்டூல் இரண்டரை அடி. அடியில் செங்கல் அடுக்கினார். மேலே இலையை நிறுத்தினார். இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

"பேரன் என்ன, தலைவரே ஏறி உக்காந்து பேப்பர் படிக்கலாம்."

மனைவி படியில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஸ்டூலுக்குச் சிவப்புப் பெயின்ட். தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. நான்கு கால்களும் பளிச்சென்று தெரிந்தன.

"ஏங்க, குளத்துக்குள்ள நம்ம சமையலறை தெரியுது."

மணி எட்டரை. குளத்துக்காரர் கலங்கவில்லை. தண்ணீரைக் கலக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். குளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மதகு இருந்தது. ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறம். இரண்டு குடம் அளவுக்கு விட்டால் ஸ்டூலை அதன் சொந்தக்காரியாலேயே கண்டுபிடிக்க முடியாது.

"சார், ஆத்துல இது தண்ணி ஏறுற நேரம்" என்றாள் டிக்கெட்டம்மா.

"எனக்குத் தெரியாத ஆறாம்மா?"

மதகுச் சக்கரத்தைத் திருப்பினார். ஆற்றுத் தண்ணீர் சிவப்பாக நுழைந்தது. ஐந்து நிமிடத்தில் ஸ்டூல் கால்கள் மறைந்தன. மனைவிகூடத் தலையாட்டினாள். குளத்துக்காரர் சக்கரத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். சக்கரம் திரும்பியது. கதவு இறங்கவில்லை. வேகமாகத் திருப்பினார். சக்கரமும் வேகமாகச் சுற்றியது, கதவுக்கும் தனக்கும் பேச்சுவார்த்தையே இல்லாதது போல.

ஆறு ஏறியது. குளமும் ஏறியது. கல்படியில் ஒன்று காணாமல் போனது. அப்புறம் இன்னொன்று. ஒன்பதே முக்காலுக்கு ஆறும் குளமும் ஒரே மட்டத்துக்கு வந்து சமாதானமாயின. தண்ணீர் இப்போது நாலரை அடி. அம்மா வீட்டு ஸ்டூல் ஆழத்தில் நின்றது. இலை அதை விட்டுக் கிளம்பி, மறுபடி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது.

"வந்துட்டாங்க" என்றாள் மனைவி. வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "சாமான் எல்லாம் கட்ட ஆரம்பிக்கட்டுமா?"

குளத்துக்காரர் சட்டையைக் கழற்றினார்.

"என்ன பண்றீங்க?"

"நான் இறங்குறேன்."

"எதுக்கு?"

"ஸ்டூலுக்குப் பதிலா."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் இப்படி ஒரு யோசனையை அவள் கேட்டதில்லை. வேறு யோசனையும் அவளிடம் இல்லை.

"இலைக்கு அடியில முள்ளு இருக்குமே!"

"அந்தக் குண்டானை எடுத்துட்டு வா. தலையில கவுத்துக்கறேன்."

அலுமினியக் குண்டான் வந்தது. அளவும் சரியாக இருந்தது. கட்டம் போட்ட தலையணை உறை ஒன்றையும் இரண்டாகக் கிழித்து அவர் உள்ளங்கைகளில் சுற்றிவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

"மூச்சுக்கு என்ன பண்ணுவீங்க?"

குளத்துக்காரர் முதல்முறையாக யோசித்தார். எதிரில் டிக்கெட்டம்மா கையை நீட்டினாள். அதில் ஒரு பப்பாளித் தண்டு. மூன்றடி நீளம், நடுவே துளை, இரண்டு முனையும் சீராகச் சீவப்பட்டிருந்தன. மேல்முனை கூம்பு மாதிரி சாய்வாக இருந்தது.

"இதை எப்போம்மா வெட்டினே?"

"காலையிலயே சார். உங்களைப் பாத்ததுமே."

ஏன் என்று கேட்க நேரமில்லை. மூங்கிலுக்கு அந்தப் பக்கம் தலைவரின் குரல் கேட்டது. குளத்துக்காரர் தண்டை வாயில் கவ்வி, குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு, இலைக்கு அடியில் மண்டியிட்டார். டிக்கெட்டம்மா தண்டின் நுனியை இலையோரமாகத் தண்ணீருக்கு வெளியே இழுத்து நிறுத்தினாள். பழகிய கை மாதிரி இருந்தது.

உள்ளே ஒரே சிவப்பு இருட்டு. ஆனால் தண்டு வழியே காற்றும் வந்தது, பேச்சும் வந்தது.

"எங்கேய்யா உங்க குளத்துக்காரர்? அன்னைக்கு அவ்வளவு பேசினாரே?" இது தலைவர்.

"குளத்து வேலையா இருக்காருங்க" என்றாள் மனைவி.

"பாத்தீங்களா, தன்னை முன்னால காட்டிக்கவே மாட்டாரு" என்றார் இயக்குநர்.

"சரி, குழந்தையை உக்கார வைங்க. சின்னப் பிள்ளைதான். நாலு வயசு. பதினெட்டுக் கிலோ. கையில பிஸ்கட் இருக்கு, அதையும் சேத்துக்கணும்."

பேரன் உட்கார்ந்தான். குளத்துக்காரரின் கழுத்து தோளுக்குள் இறங்கியது. முள் தலையணை உறையைத் தாண்டிக் கைக்கு வந்தது. முழங்கால் சேற்றில் ஒரு சாண் புதைந்தது. ஆனால் இலை சாயவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு குளத்தைப் பார்த்துக்கொண்டவன் பதினெட்டுக் கிலோவுக்குப் பயப்படுவானா என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

மேலே பிஸ்கட் கடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தலைவர் மெதுவாகச் சொன்னார்.

"தாங்குதுய்யா."

"ஐயா..." இயக்குநரின் குரல் நடுங்கியது. "அதைப் பாருங்க. இலைக்குப் பக்கத்துல."

"என்ன அது?"

"மொட்டு. ஒல்லி மொட்டு. படத்துல இருக்கிற அதே மொட்டு. நூறு வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படாதது." இயக்குநர் மூக்கை உறிஞ்சினார். "பதினாலு பக்கம் எழுதினேன். எல்லாரும் சிரிச்சாங்க."

குளத்துக்காரருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்க வழியில்லை, வாயில் மொட்டு இருந்தது.

"தாத்தா," என்றான் பேரன், "பூ மூச்சு விடுது."

"பூ மூச்சு விடாது கண்ணா."

"விடும்!" என்றார் இயக்குநர். "எல்லாச் செடியும் மூச்சு விடும். குழந்தைக்கு என்ன அறிவு பாருங்க!"

அறிவுள்ள குழந்தை குனிந்து, மொட்டின் துளையைக் கட்டை விரலால் அடைத்தது.

குளத்துக்காரர் காத்திருந்தார். குழந்தைகளுக்கு எல்லாம் சீக்கிரம் சலித்துவிடும். பத்து எண்ணினார். இருபது எண்ணினார். இந்தக் குழந்தைக்குச் சலிக்கவில்லை. முப்பதில் காது இரைந்தது. நாற்பதில் அவர் இலை, பேரன், பிஸ்கட் எல்லாவற்றோடும் சேர்த்து அரை அடி எழுந்தார்.

கரையில் எல்லோரும் "ஆ!" என்றார்கள்.

"பாருங்க, பாருங்க!" இயக்குநர் கத்தினார். "பாரம் ஏற ஏற இலை மேல வருது! இதை யாருமே எழுதினதில்ல! நான் எழுதுறேன்!"

பேரன் குலுங்கிச் சிரித்தான். சிரித்ததில் விரலை எடுத்துவிட்டான். குளத்துக்காரர் ஒரே இழுப்பாக இழுத்தார். காற்றோடு பிஸ்கட் தூளும் வந்தது. இருமினார். தண்டின் நுனியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"பூ துப்புது! பூ துப்புது!"

புகைப்படக்காரர் அந்த நொடியில் எடுத்துவிட்டார். "பிரமாதம். பழைய படத்துலகூடக் குழந்தை இப்படிச் சிரிக்கலைங்க."

பேரனைத் தூக்கிக்கொண்டார்கள். குளத்துக்காரரின் கழுத்து பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. தலைவரின் குரல் குழாய்க்கு வெகு அருகில் கேட்டது. குனிந்து மொட்டைப் பார்க்கிறார் போல.

"நான் ஒத்துக்கறேன். குளம் இருக்கட்டும். வண்டியை எங்கயாவது விட்டுக்கட்டும்." குரல் இயக்குநர் பக்கம் திரும்பியது. "இந்தக் காட்சியை நம்மளோட நிறுத்திக்கலாமா? ஜனங்களும் பாக்க வேணாமா? அந்தக் காலத்துல எப்படி நடத்தினாங்க?"

"பழைய பதிவேட்டுல இருக்குங்க. வாராவாரம், ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு."

"அப்போ நாமளும் வாராவாரம் நடத்துவோம். குளத்துக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேங்க" என்றாள் மனைவி. "எல்லாரும் வாங்க, டீ ஆறுது."

காலடிச் சத்தம் தேய்ந்தது. இயக்குநர்தான் கடைசியாகப் போனார். மொட்டை யாரும் தொடக்கூடாது, சுற்றி வேலி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

குளத்துக்காரர் எழுந்தார். தலையில் குண்டான், தோளில் இலை, காதில் சேறு. படியேறி வந்து உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையும் மருதாணியை அரைத்துப் பூசியது போல சிவப்பாக இருந்தன. மனைவி துண்டை நீட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் குண்டானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நசுங்கிடுச்சு."

"வீடு நசுங்காம இருக்குல்ல?"

"ஸ்டூல்?"

"ஞாயித்துக்கிழமை இறங்கும்போது எடுத்துட்டு வரேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். தண்டை ஒரு முறை உதறி, வாளை உறையில் போடுகிறவன் மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டார். நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"என்ன பேச்சு பேசினாரு, தலைவரு! நான் சொன்னேன்ல, இலை என் பொறுப்புன்னு? இந்தத் தோட்டத்தோட நூத்தம்பது வருஷத்துல, இப்படி ஒரு வேலையை எவனாவது பண்ணியிருப்பானா?"

டிக்கெட்டம்மா பையிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவர் ஈரக் கையில் வைத்தாள். நூறு வருடத்துக்கு முந்தைய இலை. நூறு வருடத்துக்கு முந்தைய குழந்தை. பக்கத்தில், மேல்முனை சாய்வாகச் சீவிய ஒல்லி மொட்டு. அதன்மேல் தன் விரலை வைத்தாள்.

"சார், இந்த மொட்டுக்கு அடியில வாராவாரம் மண்டி போட்டிருந்த எங்க கொள்ளுத்தாத்தா கதையை இப்பவாவது சொல்லட்டுமா?"